பத்து மணி போன்

ஜூன் 12, வியாழன்

ஒருவழியாக எங்கள் ரூமுக்கு நெட் வந்துவிட்டது. டிவியும் போனும் அதே வயரில். கேபிள்காரர் டில்லிபாபு வந்து ஒரு மணி நேரத்தில் மாட்டிவிட்டுப் போனார். எனக்கு நெட் போதும், ரூமில் கூட இருக்கிற முப்பிடாதிக்கு டிவி போதும். போனை யாரும் கேட்கவில்லை, பிளானோடு சேர்ந்து வந்தது. ஆனால் முப்பிடாதியின் அம்மாவுக்கு அந்தப் போனில்தான் கொண்டாட்டம். “செல்லுல எங்க நின்னுக்கிட்டும் ரூம்ல இருக்கேன்னு சொல்லிரலாம். இது ரூமை விட்டு நகராதுல்லா? இனிமே ஞாயித்துக்கெழம பத்து மணிக்கு இதுலதான் கூப்புடுவேன்.”

முப்பிடாதி முகம் தொங்கிவிட்டது. ஞாயிற்றுக்கிழமைதான் அவளும் ஜெபர்சனும் சந்திக்கிற நாள். சேரப்பணஞ்சேரிக்காரன், ஒரகடத்தில் சரக்குத் தூக்கும் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறான். ஒரு வருடப் பழக்கம். இது கம்பெனியில் எனக்கு மட்டும் தெரியும், ஊரில் யாருக்கும் தெரியாது. இணைப்பு வேறு அவள் பெயரில். தன் காவலுக்குத் தானே கையெழுத்துப் போட்டிருக்கிறாள், பாவம்.

ஜூன் 22, ஞாயிறு

முப்பிடாதி ஜெபர்சனைப் பார்க்கப் போய்விட்டாள். பத்து மணிக்கு அவள் அம்மா கூப்பிட்டதும், “குளிக்கா அத்தை” என்று சொல்லிச் சமாளித்தேன்.

ஜூன் 29, ஞாயிறு

“தலைக்குக் குளிக்கா அத்தை.” இந்தக் குளியல் இன்னும் எத்தனை வாரம் தாங்கும்?

ஜூலை 6, ஞாயிறு

நான் எதற்குப் பிறந்தேன்?

நைட் ஷிஃப்ட், அதன் மேல் ரெண்டு மணி நேரம் ஓவர்டைம். வந்து படுத்தவுடன் போன் அடித்தது. கண்ணைக்கூடத் திறக்கவில்லை. “அவ ஜெபர்சன்கூட குன்றத்தூர் கோயிலுக்குப் போயிருக்கா அத்தை.” சொல்லி முடித்த பிறகுதான் எனக்கே விளங்கியது. “யாருட்டி அது?” என்று மெதுவாகக் கேட்டார்கள். நான் திக்கினேன். வைத்துவிட்டார்கள்.

திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை.

ஜூலை 8, செவ்வாய்

அவள் அண்ணன் விடியற்காலையில் வந்து இறங்கினார். ஊருக்குக் கிளம்பு என்றார். மாட்டேன் என்றாள். “அப்ப எங்களுக்குத் தங்கச்சியே கெடையாது” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். அவள் பையை எடுத்துக்கொண்டு ஜெபர்சன் வீட்டுக்குக் கிளம்பினாள். வாசலில் நின்று ஒரே ஒரு தடவை என்னைப் பார்த்தாள்.

“ஒங்கிட்ட மட்டுந்தானட்டி சொன்னேன்.”

பையைப் பிடிக்கக் கை நீட்டினேன், தள்ளிவிட்டுப் போய்விட்டாள்.

ஜூலை 13, ஞாயிறு

பத்து மணிக்குப் போன் அடித்தது! அத்தைதான். மகனுக்குத் தெரியாமல் பேசுகிறார்கள். முப்பிடாதியின் நம்பரை அண்ணன் அம்மாவின் செல்லிலிருந்து அழித்துவிட்டாராம். ரூம் நம்பர் காலண்டரில் எழுதி இருந்ததால் தப்பித்தது.

“ஒழுங்காச் சாப்புடுதாளாட்டி?”

“அவ நம்பர் தரட்டுமா அத்தை?”

“வேண்டாம். நான் கூப்புட்டு அவ எடுக்கலன்னா எனக்குத் தாங்காது. நீ பாத்தத மட்டும் சொல்லு.”

பார்த்ததா? கேன்டீனில் என்னைக் கண்டாலே தட்டோடு எழுந்து போய்விடுகிறாள். அந்தத் தட்டில் இரண்டு வடை இருந்ததைப் பார்த்தேன். அதைச் சொன்னேன். “ரெண்டா?” என்று அத்தை ஒரு தரம் சந்தோஷமாகக் கேட்டார்கள்.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

இப்போதெல்லாம் வாரம் முழுக்க அவளை ஒளிந்து ஒளிந்து பார்ப்பதுதான் என் வேலை. புதன்: பச்சைச் சுடிதார், பூ வைத்திருந்தாள். வெள்ளி: லேசாக இருமினாள். இருமலை அத்தையிடம் சொல்லவில்லை. பரவாயில்லை, என் வாய் கொஞ்சம் தேறியிருக்கிறது.

ஆகஸ்ட் 12, செவ்வாய்

முப்பிடாதி கல்யாணம் பதிவாகிவிட்டதாம். கம்பெனியில் எங்கள் லைனில் எல்லோருக்கும் லட்டு வந்தது. எனக்கு வரவில்லை.

ஆகஸ்ட் 20, புதன்

கால்வாய் தோண்டிய ஜேசிபி வயரை அறுத்துவிட்டது. நெட், டிவி, போன் மூன்றும் ஒரே அடியில் போயின. கம்ப்ளெயின்ட் போடக் கூப்பிட்டால் ஓடிபி கேட்கிறார்கள். டில்லிபாபு சிரித்தார். “யார் பேர்ல கீதோ அவங்க செல்லுக்குத்தாம்மா ஓடிபி வரும். இன்னாத்துக்கு அலையுற? உன் பேர்ல புச்சா போட்டுக்கினா நாளைக்கே வேலை முடிஞ்சிடும். போன் நம்பர் மட்டும் மாறிடும், அவ்ளோதான்.”

அவ்வளவுதானா? ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்கு அத்தை எந்த நம்பருக்கு அடிப்பார்கள்? யார் கூப்பிட்டாலும் மகன் எடுக்கிற அந்தச் செல்லுக்கு நான் எப்படிக் கூப்பிட்டுச் சொல்வது?

முப்பிடாதியிடம்தான் கேட்க வேண்டும். அதற்குப் பதில் அந்த ஜேசிபி முன்னால் போய்ப் படுத்துக்கொள்ளலாம்.

ஆகஸ்ட் 21, வியாழன்

நாலு முறை எழுதி அழித்துவிட்டு அனுப்பினேன்: ‘ஓடிபி வரும். அனுப்பு. ஞாயித்துக்கிழமை ஒங்க அம்மா கூப்பிடுவாங்க.’

ஆறு நம்பர் வந்தது. அதற்கு மேல் ஒரு எழுத்துக்கூட இல்லை.

ஆகஸ்ட் 23, சனி

வயரை ஒட்டிவிட்டார்கள். கம்ப்ளெயின்டை முடிக்கவும் ஒரு ஓடிபியாம். மறுபடி மெசேஜ் போட்டேன். இந்த முறை அவளே கூப்பிட்டாள்.

நம்பரைச் சொன்னாள். வைக்கவில்லை.

“அம்மா இன்னுமா கூப்புடுதா?”

“ஒரு வாரங்கூடத் தவறாம.”

“என்ன கேக்கா?”

“நீ சாப்புடுதியான்னு. கேன்டீன்ல என்ன பாத்தனோ சொல்லுதேன். வடை, பூ, சுடிதார் கலரு, எல்லாம்.”

“அதுக்குத்தான் தூணுக்குப் பின்னால நின்னு பாத்தியா? நான் வேற என்னமோ நெனச்சேன்.” சிரித்தாள் என்றுதான் நினைத்தேன். அது அழுகை. “என்னைத் தலைமுழுகிட்டாவன்னுல்லா இருந்தேன் நான்.”

நானும் அழுதேன். ஓடிபிக்குக் காத்து நின்ற டில்லிபாபு, “இன்னாம்மா, தப்பான நம்பரா?” என்றார்.

ஆகஸ்ட் 24, ஞாயிறு

ஒன்பது மணிக்கே ஜெபர்சனோடு வந்துவிட்டாள். அவன் வண்டியை விட்டு இறங்காமல் வெளியிலேயே இருந்தான், பயந்த பிள்ளை. பத்தாயிற்று. போன் அடித்தது. அவளால் எடுக்க முடியவில்லை. நான் எடுத்து, “அத்தை, நான் பாத்தத சொல்லவா? இங்கதான் உக்காந்திருக்கா” என்று சொல்லி அவள் காதில் வைத்தேன்.

அத்தைதான் முதலில் பேசினார்கள் போல. இவள் “ம்… ம்… ஆமா, இருமல் போயிட்டு” என்றாள். இருமலை யார் சொன்னது? நான் இல்லை! அம்மாவுக்குக் குரலிலேயே தெரிந்துவிட்டது.

போகும்போது கேட்டேன், “மன்னிச்சிட்டியா?”

“நீ செஞ்சது சரின்னு ஒருநாளும் சொல்ல மாட்டேன்” என்றாள். ஆனால் என் காதோரம் கலைந்திருந்த முடியை ஒதுக்கிவிட்டுத்தான் வண்டியில் ஏறினாள். எனக்கு அது போதும். ஏழு வாரம் கழித்து இன்றைக்குத்தான் மூச்சு நேராக வருகிறது.

செப்டம்பர் 14, ஞாயிறு

பத்து மணிக்குப் போன் அடிக்கவில்லை. பத்தே கால். பத்தரை. வயர் மறுபடி அறுந்துவிட்டதா என்று எடுத்துப் பார்த்தேன், டயல் டோன் ஒழுங்காக வந்தது. அத்தைக்கு உடம்புக்கு என்னவோ என்று பதறிப்போய் முப்பிடாதியைக் கூப்பிட்டேன்.

“அவளுக்கு ஒண்ணுமில்லட்டி. அம்மா ஒம்பதரைல இருந்து என் செல்லுல இருக்கா. அண்ணன்தான் நம்பர் போட்டுக் குடுத்தானாம். வையிட்டி, மீன் குழம்புக்குப் பக்குவம் சொல்லுதா.”

வைத்துவிட்டாள். நான் போய்ப் படுத்து மதியம் வரை தூங்கினேன்.