காமா டிபார்ட்மெண்ட்

மாரண்டஹள்ளி,
4.2.2026, புதன்.

அன்பு மகள் கலைமணிக்கு,

அப்பா எழுதிக்கொள்வது. இங்கு அனைவரும் நலம் என்று தொடங்குவதுதான் முறை. அந்த வரியை இரண்டு முறை எழுதி, இரண்டு முறையும் தாளைக் கிழித்துவிட்டேன். ஆகையால் மழையிலிருந்து தொடங்குகிறேன். மழை இல்லை.

வாரத்துக்கு மூன்று தடவை போனில் பேசுகிறவன் எதற்காகக் கடிதம் எழுதுகிறான் என்று நினைப்பாய். காரணம் இருக்கிறது. பின்னால் வரும்.

முதலில் உன் மனக்குறை. நாலைந்து மாதமாக அம்மா சரியாகப் பேசுவதில்லை, நீ ஒன்று கேட்டால் சம்பந்தமில்லாமல் "உம்" என்கிறாள், நீ ஜெர்மனிக்குப் போன கோபம் இன்னும் தீரவில்லை என்றாய். கோபம் இல்லை, கலை. அவள் போனை இடது காதில் வைத்துக்கொண்டிருந்தாள். இப்போது வலது காதுக்கு மாற்றியாகிவிட்டது.

இடது காதுக்குப் பின்னால், உள்ளே, கேட்கும் நரம்பின்மேல் ஒரு கட்டி. மொச்சைக்கொட்டை அளவு. புற்று இல்லை என்று பெங்களூர் டாக்டர் மூன்று தடவை சொன்னார். ஒரு தடவை சொல்லியிருந்தால் நம்பியிருப்பேன். அப்படியே விட்டால் வளர்ந்து மூளைத் தண்டை அழுத்துமாம். அதனால் வரும் இருபத்து நாலாம் தேதி, செவ்வாய்க்கிழமை, சிகிச்சை. கத்தி இல்லை, ரத்தம் இல்லை. காமாக் கதிர். தலையில் ஒரு வளையத்தைத் திருகாணி வைத்து முடுக்கி, இருநூறு பக்கத்திலிருந்து இருநூறு மெல்லிய கதிர்களை அந்த மொச்சைக்கொட்டையில் சந்திக்க வைப்பார்களாம்.

விண்வெளியிலிருந்து வரும் காமாக் கதிரைக் காற்று மண்டலம் தரைக்கு விடாமல் தடுத்துவிடுகிறது, அதனால்தான் தொலைநோக்கியை மேலே அனுப்புகிறோம் என்று நீ சொல்லித் தந்தாய். காற்று அவ்வளவு பாடுபட்டுத் தடுத்து வைத்திருப்பதை நாங்கள் ஓசூர் பஸ் பிடித்து பெங்களூர் போய் வாங்கிக்கொள்ளப் போகிறோம்.

நீ விட்டுச் சென்ற புத்தகங்களை மறுபடி எடுத்துப் படித்தேன். படித்திருக்கக் கூடாது. விண்மீன் சாகும்போது வரும் காமா வெடிப்பு ஒன்று பக்கத்தில் நிகழ்ந்தால் பூமியின் ஓசோன் படலமே சிதையும் என்று ஒரு பக்கத்தில் இருக்கிறது. பயம் வேண்டாம், எல்லாம் பல கோடி ஒளியாண்டு தூரத்தில்தான் என்று அடுத்த பக்கத்தில் இருக்கிறது. அடுத்த பக்கம் எனக்குப் பயன்படவில்லை. நம்முடையது காதிலிருந்து இரண்டு விரல் தூரம்.

நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பேருக்கு ஒரு சிக்கலும் வராது, மற்றவர்களுக்கு முகத்து நரம்பு பாதிக்கலாம் என்றார் டாக்டர். அன்றிலிருந்து அந்த ஐந்து பேருடைய கணவர்களைப் பற்றியே யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

அம்மாவுக்குப் பயமில்லை. என் பயத்தில் பாதி அதனால்தான். "நம்ம கலை படிக்கற கதிருதானுங்க. தெரிஞ்ச கதிரு நம்மள என்ன பண்ணிடப் போவுது" என்கிறாள். "உங்க வூட்டுப் பொண்ணு காமா சோமான்னு என்னமோ படிக்கறான்னுல்ல நெனச்சேன், அது வைத்தியமா?" என்று பக்கத்து வீட்டுக் குள்ளம்மாள் கேட்டதற்கு, ஆமாம் என்று பெருமையாகச் சொல்லியிருக்கிறாள்.

போன வாரம் முன்சோதனைக்குப் போயிருந்தோம். ஜாஸ்மின் என்று ஒரு நர்ஸ், கோலார் பக்கத்துத் தமிழ்ப் பெண், எல்லாவற்றையும் பொறுமையாக விளக்கினாள். "எம் பொண்ணும் காமா டிபார்ட்மெண்டுதாம்மா" என்றாள் அம்மா. எந்த ஆஸ்பத்திரி என்று அவள் கேட்க, அம்மா கூரையைக் கைகாட்டி, "ஆஸ்பத்திரி இல்ல கண்ணு, மேல" என்றாள். அந்தப் பெண்ணின் முகம் மாறிவிட்டது. அம்மாவின் தோளைப் பிடித்துக்கொண்டு, "மனசத் தேத்திக்குங்கம்மா, அவங்க அங்கருந்து உங்களப் பாத்துக்குவாங்க" என்று கண்கலங்கினாள். அவள் நின்றது இடது பக்கம். அம்மாவுக்கு ஒரு சொல்லும் விழவில்லை. "ஆமாங்கண்ணு, ரொம்ப சந்தோசம்" என்று சிரித்தாள்.

நான் ஜாஸ்மினை வராந்தாவுக்கு அழைத்துப் போய், நீ உயிரோடு ஜெர்மனியில் இருப்பதைத் தெரிவித்தேன். "அப்போ ட்ரீட்மெண்ட் அன்னைக்கு வந்துருவாங்கல்ல சார்?" என்று கேட்டாள்.

உனக்குத் தெரியக் கூடாது என்பது அம்மாவின் உத்தரவு. "அவ பொட்டியக் குலுக்கிப் பாக்கற மாசம் இது. சொன்னா எல்லாத்தயும் போட்டுட்டு ஓடியாந்துடுவா. போன்ல சொல்ல மாட்டேன்னு சத்தியம் பண்ணுங்க" என்று என் கையை எடுத்துத் தன் தலைமேல் வைத்துக்கொண்டாள். செயற்கைக்கோளில் ஏறப்போகும் உன் கருவி ராக்கெட்டின் அதிர்வைத் தாங்குமா என்று பார்க்கும் சோதனையைத்தான் அப்படிச் சொல்கிறாள். சத்தியத்தை மீறினால் தலைக்கு ஆபத்து என்பதெல்லாம் மூடநம்பிக்கை என்று நூலகத்தில் கூட்டம் போட்டுப் பேசியவன் நான். வேறு யார் தலையாக இருந்தாலும் இப்போதும் அதையே பேசுவேன்.

ஆனால் முப்பத்தொரு வருடம் கிளை நூலகத்தில் விதிமுறைகளோடு குடும்பம் நடத்தியவன். அவள் போன் என்றுதான் சொன்னாள். கடிதம் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

தபால் நிலையத்தில் சவுரியப்பனிடம் விசாரித்தேன். ஜெர்மனிக்குச் சாதாரணத் தபால் மூன்று வாரம், ஸ்பீட் போஸ்ட் எட்டு அல்லது பத்து நாள் என்றார். மூன்று வாரம் என்றால் எல்லாம் முடிந்த பிறகு உனக்கு வந்து சேரும். அம்மாவும் கோபிக்க மாட்டாள். "எப்படிங்க சார், அர்ஜெண்டுங்களா?" என்று கேட்டார். யோசித்துச் சொல்கிறேன் என்று திரும்பி வந்துவிட்டேன். இரண்டு நாளாக யோசிக்கிறேன்.

உன் செயற்கைக்கோளைப் பற்றி நீ சொன்னதில் ஒன்று மட்டும் எனக்கு முழுதாகப் புரிந்தது. வெடிப்பு எந்தத் திசையிலிருந்து வரும் என்று முன்கூட்டித் தெரியாது. சில நொடிகள்தான் இருக்கும். அதே இடத்தில் மறுபடி வராது. அதனால் செயற்கைக்கோள் கீழே இருப்பவர்களிடம் உத்தரவு கேட்டுக்கொண்டு நிற்பதில்லை, ஓரிரு நிமிடத்தில் தானாகவே அந்தப் பக்கம் திரும்பிவிடும் என்றாய். நல்ல ஏற்பாடு என்று அன்றைக்கே நினைத்தேன்.

உன்னை வரச் சொல்லி நான் எழுதவில்லை என்பதைக் கவனித்துக்கொள். இருபத்து நாலாம் தேதி காலை ஏழு மணிக்கு வளையம் பொருத்துவார்கள். அந்த நேரத்தில் பேச்சுக் கொடுக்க, அம்மாவின் வலது பக்கம் யாராவது ஒருவர் நிற்கலாமாம். நான் நிற்பேன். ஆனால் நான் பேசினால் குரல் நடுங்கும். அந்தக் காது அவளுக்கு நன்றாகவே கேட்கிறது.

வேளைக்குச் சாப்பிடு. குளிருக்குக் காதை மூடிக்கொள். எந்தக் குறையும் இல்லாமல் நீ நன்றாக இருக்க வேண்டும்.

ஆசிகளுடன்,
அப்பா
மாயவன்

பி.கு.: ஸ்பீட் போஸ்ட்டில் அனுப்புகிறேன்.