நான்கு விரல் குறைந்த கூரை

ஐப்பசி 5, திங்கள்

மேகமூட்டம். மழை இன்னும் இறங்கவில்லை. முன்பு நான் நடத்திய விலங்கியல் வகுப்பில் ஒரு மாணவி கேட்டது காலையிலிருந்து மனதில். "புக்குல இருக்கற தவளைக்கு எல்லாம் அந்தந்த எடத்துல இருக்குதுங்க சார். நெசத் தவளைக்கு ஏனுங்க அப்படி இல்லீங்க?" கத்தரியைக் கீழே வைத்துவிட்டு முதலில் நன்றாகப் பார் என்றேன். இன்று எனக்கே அந்தச் சந்தேகம். வீடியோவில் ஒருவர் காரின் துணிக்கூரையை வாழைப்பழத் தோல் மாதிரி உரிக்கிறார். நம் காரில் கிழிந்த கூரையைப் பிடித்திருக்கும் ஆணிகள் எல்லாம் துரு. மதியம் வரை ஒரு பக்கம்தான். கட்டைவிரலில் காயம். டி.டி. ஊசி போட வேண்டும்.

கூரை மடங்கும் இந்தப் பழைய காரை வாங்கியதே மனைவி சரசுவுக்காக. மூடிய வண்டியில் அவளுக்கு மூச்சு முட்டும். போன வாரம் அவள் அக்காவைப் பார்க்க வாடகைக் காரில் கிளம்பினோம். பல்லடம்கூடத் தாண்டவில்லை, இறங்கி ரோட்டோரம் உட்கார்ந்துவிட்டாள். நிமோனியாவில் படுத்து எழுந்தவள், நனையவும் கூடாது. மடத்துக்குளத்தில் அக்கா படுக்கையில். நினைவு வந்து வந்து போகிறது.

திறந்தே போவது, மழை வந்தால் மட்டும் மூடுவது என்று முடிவு. அந்த நேரத்தைக் கண்ணை மூடிச் சமாளிப்பாளாம்.

"ஏனுங்க, இந்த வாரத்துல முடியுமுங்களா?"

"முடியும் சரசு."

எதை வைத்துச் சொன்னேன்?

ஐப்பசி 6, செவ்வாய்

வெயில். நம்ப முடியாத வெயில். கூரை முழுதாகக் கழன்றது. உள்ளே இரும்பு வில்கள், குடைக்கம்பி மாதிரி. உப்புத்தாள், துருவுக்குப் பெயிண்ட், கையெல்லாம் சிவப்பு.

வாங்க வேண்டியவை: தார்ப்பாய்த் துணி, தடித்த ஊசி, ஆணி, ரப்பர் பட்டை. காபித்தூளும்.

தைக்க மேல்வீட்டு ஜெபமணி. தூத்துக்குடிப் பக்கம். முதலிபாளையத்தில் பனியன் கம்பெனி டெய்லர், வீட்டிலும் மெஷின் உண்டு. பழைய கூரையைத் தரையில் விரித்துக் காட்டினேன்.

"இது என்ன சார், யானைக்கு டி-சர்ட்டா?"

"அளவு மாறாம வெட்டணும்மா."

"அளவு எங்கிட்ட விடுங்க. ஒரு நாளைக்கு எத்தன கழுத்து தைக்கேன் தெரியும்லா?"

ஐப்பசி 8, வியாழன்

விடிந்ததும் தூறல், பிறகு நின்றது. ஜெ. தைத்துக் கொண்டுவந்தாள். தையல் அருமை. பின்பக்கம் ஆணி அடித்து, வில்கள்மேல் இழுத்து வந்தால் கூரை விளிம்பின் முன்கட்டை முன்கண்ணாடிச் சட்டத்தைத் தொடவில்லை. கொக்கி மாட்டவே முடியாது. நான்கு விரல் குறை. நான் ஒரு பக்கம், அவள் ஒரு பக்கம், ஈரப் புடவை பிழிவது போல இழுத்தோம். அசையவில்லை.

ஜெ. தலையில் கை வைத்தாள். "ஐயோ சார். கழுத்து ரிப்பு கணக்கா வெட்டிட்டேன்."

பனியன் கழுத்துப் பட்டையை எப்போதும் கழுத்தைவிடக் குறைத்துத்தான் வெட்டுவார்களாம். தைக்கும்போது இழுத்தால் சரியாகிவிடும். பின்னலாடைத் துணி இழுபடும். இது இழுபடுமா?

"ஞாயித்துக்கெழமை ஒட்டுப்போட்டுத் தாரேன் சார். தீவாளி ஆர்டரு, விட மாட்டேங்கான்."

அவள்மேல் கோபம் வரவில்லை. கிழமையின்மேல் வந்தது. சாப்பிடப் பிடிக்கவில்லை. வாசலுக்கும் காருக்கும் நடை.

ஐப்பசி 10, சனி

கருமேகம். அக்கா மகன் போன். "அம்மா காலையில நல்லாப் பேசுச்சுங்க சித்தப்பா. சரசு வந்துட்டாளான்னு ரெண்டு தடவ கேட்டுச்சுங்க."

சரசு போனை வைத்துவிட்டு நேராகக் காரில் போய் உட்கார்ந்தாள். "மூடுங்க, பாக்கலாம்."

"இன்னும் ஒட்டுப் போடலையே."

"மூடுங்கன்னா."

மூடினேன். முன்கட்டையை நைலான் கயிற்றால் சட்டத்தோடு கட்டினேன். வெளியே நின்று அவள் முகத்தையே பார்த்தேன். எப்போது கதவைத் தள்ளுவாளோ என்று. தள்ளவில்லை. அந்த இடைவெளியை அண்ணாந்து பார்த்தபடி இருந்தாள்.

"இந்தச் சந்து இருக்கட்டுங்க. வானம் தெரியுது. காத்து வருது. கெளம்பலாம்."

மதியச் சாப்பாட்டுக்கு வந்திருந்த ஜெ. மாடியிலிருந்து: "பாத்தீயளா சார், அளவு கரெக்டு!"

பல்லடம் தாண்டியதும் தூறல். மெதுவாகத்தான் ஓட்டினேன். கூரை பூரி மாதிரி உப்பியது. சரசு தலையில் துண்டு, மேலே பிளாஸ்டிக் பை. பார்க்கச் சிரிப்பு, உள்ளுக்குள் பயம். உடுமலையில் நிறுத்தட்டுமா என்றதற்கு, "பேசாம ஓட்டுங்க."

மடத்துக்குளம். அக்கா கண் விழித்துத்தான் இருந்தார். சரசுவின் நெற்றியைத் தடவினார். "நனைஞ்சுட்டு வந்திருக்கறயே, கண்ணு."

சரசு அழுதாள். நான் வாசலுக்கு வந்துவிட்டேன்.

மூடிய இடத்தில் மூச்சு முட்டுகிற ஒருவர் உங்கள் வீட்டில் இருந்தால், அடுத்த முறை கதவைச் சாத்தும்போது நான்கு விரல் இடைவெளி விட்டுப் பாருங்கள்.