இந்த மாதத் தவறுகள்

ஜூலை 13, சனி

கணித ஆசிரியர் வட்டத்தின் மாதக் கூட்டம். ஆறு பேர், ஏழு நாற்காலி. ஏழாவதற்குக் கால் மூன்றுதான். விதி வழக்கமானது: இந்த மாதம் வகுப்பில் செய்த ஒரு தவறைச் சொல்லாதவருக்கு டீ கிடையாது. நோட்டில் எழுதுவது செயலாளரான நான். எழுதுகிறவனிடம் யாரும் தவறு கேட்பதில்லை. வசதியான பதவி.

இன்று ஒப்பந்த டீச்சர் சொன்னதுதான் பேச்சு. எங்களில் நிரந்தர வேலை இல்லாதவர் அவர் ஒருவர்தான். x² = 5x. இரண்டு பக்கமும் x-ஆல் வகுத்து, x = 5 என்று எழுதி அடிக்கோடும் போட்டுவிட்டாராம். மூன்றாம் பெஞ்சுப் பெண் எழுந்து, "ஜீரோ போட்டாலும் சரியா வருதே டீச்சர்?" என்றிருக்கிறாள்.

"போட்ட அடிக்கோட அழிச்சேன் சார். அப்புறம் அவளையே போர்டுக்குக் கூப்பிட்டேன். மீதி பீரியட அவதான் நடத்தினா."

காம்பஸ் சார் (ஒரு காலை ஊன்றிக்கொண்டு ஒரே இடத்தில் சுற்றுகிறவர், அதனால் அந்தப் பெயர்) மெல்லச் சொன்னார்: "நான் பதினெட்டு வருஷமா அப்படித்தாம்மா வகுக்கிறேன். ஒருத்தனும் கேட்டதில்ல."

சிரிப்பு அடங்க நேரமாயிற்று. பிறகு இரண்டு மணி நேரம் அந்த ஒரு கணக்கைத்தான் பேசினோம். நான் இருந்த கூட்டங்களில் இதுதான் நல்ல கூட்டம்.

ஜூலை 22, திங்கள்

கல்வி அதிகாரியிடமிருந்து கடிதம். வட்டத்தால் எங்களுக்குத் தொழில் வளர்ச்சி ஏற்பட்டதற்கு ஆதாரம் வேண்டுமாம். ஆதாரம் என்று எங்களிடம் இருப்பது அந்த நோட்டுதான்.

ஜூலை 24, புதன்

நோட்டைப் படியெடுத்தேன். பெயர், பள்ளி, தேதி, தவறு: நான்கு கட்டம், ஸ்கேல் வைத்துக் கோடு. மனைவி எட்டிப் பார்த்தாள்.

"பேரெல்லாம் எதுக்குங்க?"

"பேர் இல்லன்னா அது என்ன ஆதாரம்?"

"அது சரி. உங்க பேரக் காணோமே?"

அடியில் கையெழுத்தைக் காட்டினேன்.

ஆகஸ்ட் 10, சனி

நான் அனுப்பிய அறிக்கை மிக விரிவாக இருந்ததாக அதிகாரி பாராட்டியிருக்கிறார். கூட்டத்தில் சொன்னேன். முதலில் கைதட்டியது ஒப்பந்த டீச்சர்.

ஆகஸ்ட் 19, திங்கள்

ஒப்பந்த டீச்சருக்கு மெமோ. 'இருபடிச் சமன்பாட்டில் அடிப்படை அறிவு இல்லை என்று தாமே ஒப்புக்கொண்டவர்.' மாதக் கடைசியில் அவர் ஒப்பந்தம் முடிகிறது. புதுப்பிப்பதா வேண்டாமா என்று புதன்கிழமை விசாரணை. சாட்சி, செயலாளர். மற்ற நால்வருக்கு மெமோ இல்லை. நிரந்தர ஆசிரியரின் தவறு தவறாகாது போலும்.

ஆகஸ்ட் 21, புதன்

அந்த மாணவியைப் போர்டுக்கு அழைத்ததைச் சொல்ல வேண்டும், காம்பஸ் சாரின் பதினெட்டு வருடத்தைச் சொல்ல வேண்டும் — பஸ்ஸில் ஒத்திகை பார்த்துக்கொண்டே போனேன். அதிகாரியின் மேசையில் என் நான்கு கட்டங்கள்.

"இது நடந்துச்சா, இல்லையா?"

"நடந்துச்சு சார்."

"அவ்வளவுதான். போகலாம்."

வந்துவிட்டேன். திருத்தியதை எழுத நோட்டில் கட்டம் இல்லை, சரி. வாய் இருந்துச்சே? வாய் இருந்துச்சேடா உனக்கு!

வாசல் பெஞ்சில் ஒப்பந்த டீச்சர். "அந்தப் பொண்ணப் பத்திச் சொன்னீங்கல்ல சார்?"

"சொன்னேம்மா."

ஆகஸ்ட் 30, வெள்ளி

புதுப்பிக்கவில்லை.

செப்டம்பர் 14, சனி

ஐந்து பேர். எங்கள் வட்டம் முன்மாதிரி வட்டம் என்று சுற்றறிக்கை வந்திருக்கிறது. நான் ஒருங்கிணைப்பாளர். நோட்டைத் திறந்து, பேனா மூடியைக் கழற்றி, தவறுகளைக் கேட்டேன்.

"இந்த மாசம் சுத்தம்ப்பா" என்றார் காம்பஸ் சார், நோட்டைப் பார்த்தபடி. மற்ற மூவரும் சுத்தம். பத்தே நிமிடத்தில் டீ வந்துவிட்டது.

நேற்று பத்தாம் வகுப்பில் x² = 7x. கை பழக்கத்தில் வகுத்துவிட்டது. ஜன்னலோரப் பெண் எழுந்தாள்.

"சார், ஜீரோ போட்டா—"

"உட்காரும்மா" என்றேன்.

உட்கார்ந்துவிட்டாள்.