திரையிலிருந்து இறங்காத அமைச்சர்

16, திங்கள்

காலையிலேயே அனல். ஆரப்பாளையத்தில் பஸ் ஏறும்போதே சட்டை நனைந்துவிட்டது. கண்ணில் சொட்டு மருந்து விட மறந்தேன்.

தேர்தல் அறிவிப்பு நேற்று வந்தது. நடத்தை விதிகள் அமல். இன்றைய வேலை, எங்கள் வேளாண் அலுவலகத்தில் உள்ள தலைவர்களை அப்புறப்படுத்துவது. சுவர்ப் படங்கள் பீரோவுக்குள். காலண்டர் பீரோ மேல். வாசல் கல்வெட்டின் மேல் பாண்டி பழைய செய்தித்தாளை ஒட்டினார். பாண்டி அலுவலக உதவியாளர். கையில் பசைச்சட்டி இருக்கும்போது மட்டும் அவருக்கு அரசாங்கத்தின் மேல் நம்பிக்கை வரும்.

மிச்சம் ஒன்று. மனு கொடுக்க வருகிறவர்களைப் பார்த்தபடி இருக்கும் கணினி. திரை முகப்பில் அமைச்சர் ஒரு விவசாயிக்கு மருந்து தெளிப்பான் வழங்குகிறார். விழா எங்கள் வளாகத்தில்தான் நடந்தது. அவர் தோளுக்குப் பின்னால் தாம்பாளத்தோடு தெரியும் முக்கால் முகம் என்னுடையது.

ஆபரேட்டர் செல்வி படத்தை மாற்றப் பார்த்தாள். மாறவில்லை. சிவப்பில் ஒரு வரி: இந்த அமைப்பை உங்கள் நிறுவனம் நிர்வகிக்கிறது.

"நிறுவனம்னா யாரு சார்?"

கண்காணிப்பாளர் என்ற முறையில் நானாக இருக்கலாம் என்று ஒரு நிமிடம் நினைத்தேன்.

31-ஆம் தேதி எனக்கு ஓய்வு. எனக்கு முன் இந்த நாற்காலியில் இருந்தவருக்குக் கடைசி நாள் சாயங்காலம், பிரியாணி அண்டாவைத் திறந்த பிறகு, பணியிடை நீக்க உத்தரவு வந்தது. மாலை போட்ட கழுத்தோடு கையெழுத்திட்டு வாங்கினார். ஓய்வும் இல்லை, வேலையும் இல்லை. பிரியாணியும் மிஞ்சவில்லை.

17, செவ்வாய்

கம்ப்யூட்டர் மெக்கானிக் கண்ணன் வந்தார். பாண்டியின் அக்கா மருமகன். வாசலிலேயே, "என்ன சார், அமைச்சரு எறங்க மாட்டேங்கிறாராம்?"

"மாப்ள, நல்லா அமுக்கிப் பாரு," என்றார் பாண்டி.

"மாமா, இது பம்புசெட்டு இல்ல. சும்மா இருங்க."

என்னவோ செய்து பூட்டை உடைத்தார். வேறு படம் வைக்க வேண்டும். கோயில் கோபுரம் காட்டினார். மதம், ஆகாது. சூரிய உதயம் காட்டினார். சின்னம். குளத்தில் பூ. சின்னம். இலை. சின்னம். மாம்பழம். அதுவும். நாட்டில் சின்னமாகாத இயற்கைக் காட்சி ஒன்றுகூட மிஞ்சவில்லை.

"வெறும் நீலத்தப் போட்டு விடுங்கண்ணே," என்றாள் செல்வி.

நீலம் வந்தது. எல்லோரும் டீ குடித்தோம். கண்ணன் கணினியை அணைத்துப் போட்டார். அமைச்சர், அதே சிரிப்பு. மறுபடி நீலம். மறுபடி அணைத்தல். மறுபடி அமைச்சர்.

"மேல ஆபீஸ்ல இருந்து பூட்டிருக்காங்க சார். பாஸ்வேர்டு இல்லாம இம்புட்டுதான் முடியும்."

பூட்டியது ஏன் என்பது இப்போது நினைவுக்கு வந்தது. ஊழியர்கள் சினிமா நடிகர்களின் படத்தை வைத்துவிடக் கூடாதாம்.

18, புதன்

தலைமை அலுவலகத்துக்கு போன். மூன்று பேரிடம் மாற்றிவிட்டார்கள். கடைசியில் ஒரு பெண் குரல், "பாஸ்வேர்டு கொடுக்கணும்னா அதிகாரி உத்தரவு வேணும் சார். தேர்தல் முடியிற வரைக்கும் புது உத்தரவு எதுவும் போட மாட்டாங்க. நடத்தை விதி இருக்குல்ல?"

இருக்கிறது. படத்தை எடுக்கச் சொல்வதும் அதே விதிதான்.

மதியம் சாப்பிட்டுவிட்டு வந்தால், பாண்டி பிரச்சினையைத் தீர்த்து வைத்திருந்தார். கல்வெட்டுக்குச் செய்ததையே திரைக்கும் செய்திருந்தார். செய்தித்தாள், பசை. செல்வி தட்டச்சு செய்ய நடுவில் ஒரு ஜன்னல் வெட்டி விட்டிருந்தார்.

எழுமலையிலிருந்து பயிர்க் காப்பீட்டுக்காக வந்திருந்த பெரியவர் குனிந்து ஜன்னலுக்குள் எட்டிப் பார்த்தார்.

"ஏப்பா, இவரத்தான் மறைச்சிருக்கீகளா?"

பார்த்தேன். ஒட்டிய பக்கத்தில் அமைச்சர் பாலம் திறந்துகொண்டிருந்தார். திரையில் இருந்ததைவிடப் பெரிய படம். வண்ணத்தில்.

"ஒருத்தரு இருந்த எடத்துல இப்ப ரெண்டு பேரு," என்றார் பெரியவர். வரிசை முழுக்கச் சிரித்தது. பின்னால் நின்ற வெள்ளை வேட்டி இளைஞர் சிரிக்கவில்லை. போனில் படம் எடுத்தார். எந்தக் கட்சி என்று கேட்கத் தைரியம் வரவில்லை.

"படிச்சுப் பாத்து ஒட்ட மாட்டீரா?" என்றேன் பாண்டியிடம்.

"பேப்பரப் படிச்சா வேல நடக்குமா சார்?"

நியாயம்தான்.

வீட்டில் சொன்னேன். மனைவி சரசு அரிசி களைந்துகொண்டே, "கடைசி மாசத்துல உங்களுக்கு எதுக்குங்க மந்திரி சகவாசம்?" என்றாள்.

19, வியாழன்

தூக்கமில்லை. கண் எரிச்சல். பசையைச் சுரண்டி முடிக்கவே பதினொரு மணி ஆனது. செல்வி டி. கல்லுப்பட்டியில் வளைகாப்புக்குப் போயிருந்தாள். நானே அவள் நாற்காலியில் உட்கார்ந்தேன்.

எழுத்து ஒன்றும் தெரியவில்லை. பெரிதாக்க ஏதாவது இருக்குமா என்று தேடியதில், பார்வைக் குறைபாடு உள்ளவர்களுக்கான வசதிகள் என்று ஒரு பக்கம். எழுத்தைப் பெரிதாக்கலாம். அதற்குக் கீழே ஒரு பொத்தான்: பின்னணிப் படத்தைக் காட்டு. அதை யாரும் பூட்டவில்லை. பார்வை மங்கியவன் அமைச்சரைப் பார்க்க விரும்பாமல் போவான் என்று மேலே யாருக்கும் தோன்றவில்லை போல.

அணைத்தேன். நீலம். கணினியையும் அணைத்துப் போட்டேன். நீலம். இன்னொரு முறை. நீலம்.

அவரோடு நானும் போய்விட்டேன். இத்தனை வருடப் பணியில் அலுவலகத்தில் என் முகம் இருந்த ஒரே இடம். பெரிய இழப்பில்லை.

கத்தரிக்காய் வாங்க மறந்தேன்.

23, திங்கள்

பறக்கும் படை. ஓர் அதிகாரி, ஒரு காவலர், வீடியோ எடுப்பவர். அதிகாரி தன் போனில் இருந்த படத்தையும் எங்கள் திரையையும் மாற்றி மாற்றிப் பார்த்தார். போனில் புதன்கிழமை ஒட்டிய செய்தித்தாள் நன்றாகவே விழுந்திருந்தது.

"ஒன்னும் இல்லயே. எடுத்துட்டீங்களா?"

"எடுத்தாச்சு சார்."

"அப்ப இருந்துச்சு?"

இருந்தது என்றால் குற்றம். இல்லை என்றால் பொய். எழுத்துப்பூர்வமாகக் கேட்டால் ஒரு பக்கம் பதில் எழுதத் தெரியும். பாண்டி பசைச்சட்டியை மேசைக்கு அடியில் தள்ளுவது தெரிந்தது.

"சார், எனக்கு 31-ஆம் தேதி ரிட்டயர்மென்ட்," என்றேன். கேள்விக்கு அது பதிலில்லை.

அதிகாரி என் நரையைப் பார்த்தார். தன் தலையைத் தடவிக்கொண்டார். "எனக்கு ஜூன்ல," என்றார். பிறகு வீடியோக்காரரிடம், "ஸ்கிரீன மட்டும் எடுய்யா. நீலமா இருக்குல்ல, அத எடு. போதும்."

டீ வேண்டாம் என்றுவிட்டார். விதி.

31, செவ்வாய்

பிரியாணி. மாலை. சால்வை இரண்டு. அண்டா திறந்த பிறகு வாசலில் மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டது. சோற்றில் வைத்த கை அப்படியே நின்றது. தயிர் கொண்டுவந்த ஆள்.

ஐந்தே முக்காலுக்கு விடுவிப்பு உத்தரவில் கையெழுத்திட்டேன். உத்தரவு சரியானதுதானா என்று மறுபடி படித்தேன்.

அலுவலகத்தார் சேர்ந்து சட்டமிட்ட படம் ஒன்று தந்தார்கள். என்னை வைத்து எடுத்த படம் வேறு எதுவும் கிடைக்கவில்லையாம். கணினியில் இருந்ததையே எடுத்து, விதிப்படி அமைச்சரை வெட்டி நீக்கிவிட்டு அச்சடித்திருக்கிறார்கள். கண்ணனின் வேலை. தாம்பாளம், முக்கால் முகம். ஓரத்தில் தெளிப்பானை நீட்டும் ஒரு வெள்ளைச் சட்டைக் கை மட்டும் அப்படியே நிற்கிறது.

"கைய எடுத்தா தட்டும் போயிருது சார்," என்றாள் செல்வி.

வீட்டில் சரசு அதை வாங்கி, கையெட்டும் தூரத்தில் தள்ளிப் பிடித்துப் பார்த்தாள். எங்கே மாட்டட்டும் என்று கேட்டாள்.

தேர்தல் முடியட்டும் என்றேன்.