துண்டுக்கு அடியில் சொன்ன விலை

மாமா,

நேற்று நம் பனியன் கம்பெனிக்கு ஒரு இன்சூரன்ஸ் சர்வேயர் வந்திருந்தார். மீசை இப்போதுதான் கறுக்கிற வயது. வெட்டுத்துணி மூட்டைகள் போட்டிருந்த கொட்டகை போன வாரம் தீப்பிடித்துவிட்டது. அதைப் பார்க்க வந்தார். எரிந்ததையும் எரியாததையும் சுற்றிப் பார்த்துவிட்டு, என் மேஜைக்கு எதிரே உட்கார்ந்து, ஒரு துண்டுத்தாளில் தொகையை எழுதினார். சுற்றிலும் நம் ஆட்கள் நின்றிருந்தார்கள். அவர் வாய் திறக்கவில்லை. தாளைக் கவிழ்த்து என் பக்கமாகத் தள்ளிவிட்டு ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் தாளைத் திருப்பாமலே வெகுநேரம் வைத்திருந்தேன். குறைவாக இருக்குமோ என்று பயப்படுகிறேன் என நினைத்திருப்பார். எனக்கு உங்கள் ஞாபகம் வந்து முகமெல்லாம் சூடாகிவிட்டது.

நீங்கள் உயிரோடு இருந்தபோது உங்களுக்கு நான் ஒரு கடிதம் எழுதியதில்லை. வெள்ளகோவில் என்ன, சீமையா? நினைத்தால் பஸ் ஏறிவிடலாம். அப்படி ஏறி வந்தவர் எப்போதும் நீங்கள்தான்.

சரசுவை எனக்குக் கட்டிக்கொடுத்தபோது ஒரு காரைச் சீராகக் கொடுத்தீர்கள். சுதந்திரம் வந்து சில வருஷங்கள்தான் ஆகியிருந்தன. புதுக் கார் வேண்டுமென்றால் பணத்தைக் கட்டிவிட்டு வருஷக்கணக்கில் காத்திருக்க வேண்டும். மலைத் தோட்டத்துத் துரை ஒருவர் ஊருக்குக் கப்பலேறுகிறார் என்று கேள்விப்பட்டு நீங்களே போய், யுத்தத்துக்கு முந்தைய அந்தச் சீமைக் காரை வாங்கி வந்தீர்கள். காளை வாங்கப் போனவர் போலவே அதை மூன்று பக்கமும் நின்று பார்த்தீர்களாம். இன்ஜினை ஓடவிட்டுக் காது கொடுத்துக் கேட்டுவிட்டு, "மூச்சு சுத்தமா இருக்குதுங்க, முடிச்சுக்கலாம்" என்றீர்களாம். துரை சிரித்ததாகக் கூட வந்தவர்கள் சொன்னார்கள். துரை மட்டுமா சிரித்தார்? நானும் சிரித்தேன்.

என் அம்மா சிரிக்கவில்லை. "மொத மருமகளுக்கு எவனோ ஓட்டிக் கழிச்ச வண்டியச் சீராக் குடுத்திருக்கறாங்க" என்று வந்தவர் போனவரிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். அம்மாவின் நாக்கு உங்களுக்குத் தெரியும். 'பழசு' என்ற ஒரு சொல்லைச் சரசு காதில் விழும்படி ஒரு நாளைக்குப் பலமுறை சொல்ல அவரால் முடிந்தது. சோறு பழசு, புடவை பழசு, எல்லாவற்றிலும் கார் இருந்தது. நான் வாயை மூடிக்கொண்டிருந்தேன். உள்ளுக்குள் எனக்கும் புதுக் கார் ஆசைதான். சிநேகிதர்கள் மத்தியில் அந்தக் காரை விட்டு இறங்கும்போது கொஞ்சம் அவசரமாக இறங்குவேன். நீங்களோ மாட்டுப் பொங்கல் அன்று ஒரு மாலையோடு பஸ்ஸில் வந்து, காருக்குப் பொட்டு வைத்து மாலை போட்டுவிட்டுத்தான் காபி குடிப்பீர்கள்.

அவிநாசி ரோட்டில் பஞ்சுப்பொதி வண்டி ஒன்றுக்கு ஒதுங்கப்போய் அதைப் புளியமரத்தில் விட்டேன். எனக்கு முழங்கையில் மட்டும் சிராய்ப்பு. காரின் முன்பக்கம் மரத்தைச் சுற்றி மடங்கிவிட்டது. கம்பெனி வாசலுக்கு இழுத்து வந்து போட்டார்கள். சேதி கேட்டு வந்த நீங்கள் காரின் பக்கம் திரும்பவே இல்லை. என் இரண்டு கையையும் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தீர்கள். "வண்டி போனாப் போச்சாது உடுங்க மாப்பளைங்க" என்றீர்கள்.

அப்படிச் சொன்னவர்தான், காரைப் பார்க்க இன்சூரன்ஸ் சர்வேயர் வருகிற அன்று விடிந்ததும் வந்து வாசலில் உட்கார்ந்திருந்தீர்கள். இழப்பீட்டுப் பணத்துக்கு மாமனார் இப்படிப் பறக்கிறாரே என்று நான் நினைத்தேன். வேறெப்படியும் நினைக்க எனக்கு அப்போது தெரியவில்லை.

சர்வேயர் நேர்மையான மனிதர். அதையும் சொல்லிவிட வேண்டும். வெயிலில் குனிந்து குனிந்து பார்த்தார். "இது இனி ரிப்பேருக்கு ஆகாது. மொத்த நஷ்டம்னுதான் எழுதணும். ஆனா விபத்துக்கு முந்தின நாள் இது என்ன விலைக்குப் போயிருக்குமோ அதுதான் கிடைக்கும். வண்டிக்கு வயசு ஜாஸ்தி. வருஷா வருஷம் மதிப்புக் கழியும்" என்றார்.

"வயசப் பாத்து வெல சொல்றது வண்டிமாட்டுக்குங்க" என்றீர்கள் நீங்கள். "பசுவோட சேக்கற பொலிகாளைக்கு அப்பிடிச் சொல்லமாட்டமுங்க. இந்த மாதிரி இன்னொண்ணு இந்தச் சுத்துவட்டாரத்துல எங்கீங்க இருக்குது? இல்லாத பொருளுக்கு எப்படீங்க வெல கழியும்?"

இன்று யோசித்தால் நீங்கள் சொன்னது முழு நியாயம். அன்று எனக்குக் கூச்சமாக இருந்தது. சர்வேயர் நோட்டில் கணக்குப் போட்டு முடித்துத் தலை நிமிர்ந்தார். தொகையைச் சொல்லப்போகிறார் என்று எல்லோருக்கும் தெரிந்தது. தையல் மிஷின்கள் நின்றுவிட்டன. கம்பெனியை ஒட்டிய நம் வீட்டு வாசற்படியில் அம்மா வந்து நின்றிருந்தார். அவருக்குப் பின்னால் சரசு.

அப்போதுதான் நீங்கள் தோளிலிருந்த துண்டை எடுத்து அவர் கைமேல் போட்டு, அடியில் உங்கள் கையை விட்டீர்கள்.

கண்ணபுரம் சந்தையில் உங்களோடு வந்து நான் பார்த்திருக்கிறேன். அங்கே மாட்டின் விலையை யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. துண்டுக்கு அடியில் விரலைப் பிடித்துத்தான் கேட்பதும் கொடுப்பதும். பேரம் முறிந்தாலும் எவ்வளவுக்குக் கேட்டார்கள் என்று மூன்றாவது ஆளுக்குத் தெரியாது. ஏன் இந்த ஒளிவுமறைவு என்று ஒருமுறை கேட்டேன். "கொறச்சலான வெலையச் சத்தமாச் சொன்னா, வளத்தவன் மொகம் செத்துப்போகுமுங்க மாப்பளைங்க" என்றீர்கள்.

இதெல்லாம் அந்தப் பட்டணத்து மனிதருக்கு எப்படித் தெரியும்? தேள் கொட்டியது போலக் கையை உதறினார். துண்டு மண்ணில் விழுந்தது. "என்ன ஐயா இது? எனக்கே லஞ்சமா? இத்தனை பேர் முன்னாடி!" என்று கத்தினார். கத்திய வேகத்தில் தொகையையும் கத்திவிட்டார். நீங்கள் எதை மறைக்கத் துண்டைப் போட்டீர்களோ அது தெருவரை கேட்டது.

அந்தத் தொகையை நான் இந்தக் கடிதத்தில் எழுதப்போவதில்லை.

"பேரீச்சம்பழத்துக்குப் போட்டாக் கூட இதவிடச் சேத்திக் கெடைக்கும்" என்றார் அம்மா. யாரோ சிரித்தார்கள். நீங்கள் என்னைப் பார்த்தீர்கள். நான் ஏதாவது சொல்வேன் என்று எதிர்பார்த்திருப்பீர்கள். சொன்னேன். "மாமா, இதென்ன மாட்டுச் சந்தைங்களா? மானத்த வாங்காதீங்க!" என்றேன். சரசு படியிறங்கி வந்து துண்டை எடுத்து, மண்ணை உதறி, உங்கள் தோளில் போட்டுவிட்டு உள்ளே போனாள். என் பக்கம் பார்க்கவில்லை.

சர்வேயர் நடந்ததை மேலே எழுதிவிட்டார். கோயமுத்தூர் இன்சூரன்ஸ் ஆபீசுக்கு வந்து விளக்கம் சொல்லும்படி ஓலை வந்தது. இருவரும் பஸ்ஸில் போனோம்.   அங்கே அதிகாரி வயதானவர், மரியாதை தெரிந்தவர். உட்காரச் சொன்னார். நீங்கள் என்னிடம் திரும்பி, "மாப்பளைங்க, சித்த நேரம் வெளிய இருக்கறீங்களா?" என்றீர்கள். வந்துவிட்டேன். அந்த அறைக்கு இருந்தது அரைக்கதவு மாமா. கால்களையும் மறைக்காது, குரலையும் மறைக்காது.

துண்டுப் பேரம் இன்னதென்று நீங்கள் விளக்கினீர்கள். அதிகாரி பொறுமையாகக் கேட்டுவிட்டு, "சரி, விரலைப் பிடிச்சு என்ன கேக்கறதா இருந்தீங்க? இவ்வளவு கூட்டிக் கொடுங்கன்னா?" என்றார்.

"இல்லீங்க சாமி. பணம் வேண்டாமுங்க. நான் வாங்கின வெலைய மட்டும் காயிதத்துல எழுதிக் குடுங்க. உங்க கணக்குக்கு மேல எத்தன ஆகுதோ, அத நானே கொண்டாந்து இங்க கட்டிப்போடறனுங்க. ஒரு சோடி காளை இருக்குதுங்க, வித்துப்போடறன். மாப்பளைக்குத் தெரிய வேண்டாமுங்க."

"உங்க பணத்தையே நாங்க வாங்கி உங்க மாப்பிள்ளைக்குக் கொடுக்கணுமா? எதுக்குங்க?"

 நீங்கள் குரலைத் தாழ்த்திச் சொன்னீர்கள். "எம்புள்ள அந்த ஊட்டுல தல நிமுந்து இருக்கோணுமில்லீங்களா."

அந்த ஊடு என் ஊடு. பெஞ்சில் உட்கார்ந்திருந்த என்னை ஒரு பியூன், "தண்ணி வேணுங்களா?" என்று கேட்டான். என் முகம் அப்படி இருந்திருக்கிறது. அம்மாவின் பேச்சு உங்கள் காதுவரை வந்திருக்கிறது, நான் வாயை மூடிக்கொண்டிருந்ததும் வந்திருக்கிறது. மகள் தலை நிமிர்வதற்காக ஒரு மனிதர் காளையை விற்று, அந்நியர் ஒருவரிடம் கெஞ்சி, ஒரு எண்ணை வாங்கப் பார்க்கிறார். நான் என்ன செய்தேன்? மானம் போகிறது என்று கத்தினேன். போனது யாருடைய மானம்?

அதிகாரி அப்படியெல்லாம் எழுத முடியாது என்று சொல்லிவிட்டார். ஆனால் லஞ்சப் புகாரை அன்றே முடித்துவைத்தார். என்னைக் கூப்பிட்டு, "இந்த மாதிரி வண்டி இன்னைக்கு என்ன விலை போகும்னு கார் விக்கறவங்க ரெண்டு பேர்கிட்ட எழுதி வாங்கிட்டு வாங்க, திரும்பப் பார்க்கலாம்" என்றார். திரும்பும் பஸ்ஸில் நீங்கள், "நல்ல மனுசனுங்க, காப்பியெல்லாம் குடுத்தாரு" என்றீர்கள். நான் தலையை ஆட்டினேன். உள்ளே என்ன பேசினீர்கள் என்று நானும் கேட்கவில்லை.

அடுத்த நாளிலிருந்து கோயமுத்தூரில் கார் வியாபாரிகள் ஒவ்வொருவர் கடையாக ஏறினேன். 'பழசுதானே' என்றவர்களிடம், இல்லாத பொருளுக்கு விலை எப்படிக் கழியும் என்று உங்கள் வாதத்தையே எடுத்துவிட்டேன். ஒருவர் சிரித்துக்கொண்டே, "மாமனார் வண்டிக்கு இப்பிடி வாதாடற மாப்பளைய இப்பத்தாங்க பாக்கறேன்" என்றார். இரண்டு பேர் எழுதிக் கொடுத்தார்கள். இன்சூரன்ஸ் கம்பெனி தொகையை உயர்த்தியது. நீங்கள் வாங்கிய விலைக்கு வரவில்லை. ஆனால் கேட்டால் யாரும் சிரிக்க முடியாத தொகை. காகிதம் வந்த அன்று அம்மா, "எத்தன போட்டிருக்கறான்?" என்று கேட்டார். "அத நீங்க கேக்கக் கூடாதுங்கம்மா. இனிமேல் இந்த ஊட்டுல அந்தக் காரப் பத்தி ஒரு பேச்சு வரக்கூடாது" என்றேன். அம்மாவை எதிர்த்து நான் பேசிய முதல் பேச்சு அதுதான். அம்மா பல நாள் என்னோடு பேசவில்லை. சரசு அன்று சாப்பாடு பரிமாறும்போது நான் கேட்காமலே இரண்டாவது முறை ரசம் ஊற்றினாள்.

அரைக்கதவுக்கு வெளியே எல்லாம் கேட்டுவிட்டேன் என்று உங்களிடம் சொல்லியிருக்க வேண்டும். மன்னிப்புக் கேட்க வெட்கமாக இருந்தது. கேட்டுவிட்டேன் என்று தெரிந்தால் உங்களுக்கு வெட்கமாக இருக்குமே என்று ஒரு சாக்கும் வைத்துக்கொண்டேன். நீங்கள் படுத்த படுக்கையாக இருந்தபோது பக்கத்தில் உட்கார்ந்து மழையைப் பற்றிப் பேசிவிட்டு வந்தேன். சரசுவிடம்கூட இன்றுவரை சொல்லவில்லை.

போன தையில் உங்கள் பெரிய பேரனுக்குக் கல்யாணம் செய்தோம். பெண்ணின் அப்பா பேச்சு முடிக்க வந்தபோது, கைகளைப் பிசைந்துகொண்டு, "கார் என்ன மாதிரி எதிர்பாக்கறீங்கன்னு சொல்லீட்டீங்கன்னா…" என்று ஆரம்பித்தார். அவரை முடிக்க விடவில்லை. ஒரு குண்டூசிகூட வேண்டாம் என்றேன். அந்த மனிதரின் கை எங்கேயாவது, எந்த அதிகாரி முன்னாலாவது, கெஞ்சி நீண்டுவிடக் கூடாது என்ற பயம்தான் எனக்கு. கல்யாணத்தன்று மண்டபத்தில் ஊர்ப் பெரியவர் ஒருவர் மைக்கைப் பிடித்து, இந்தக் காலத்தில் இப்படி ஒரு பெருந்தன்மையா என்று என்னை வாழ்த்திப் பேசினார். எல்லோரும் கைதட்டினார்கள். நான் தலை குனிந்து நின்றேன். அடக்கம் என்று நினைத்துக்கொண்டார்கள்.