பரஸ்தானப் பையும் பிளாட்டினம் கார்டும்

மீனம்பாக்கம்,
திங்கட்கிழமை மதியம்.

அன்பு மகள் சுகாசினிக்கு,

அப்பா ஆசீர்வாதத்துடன் எழுதுவது. எங்கள் நலத்தைப் பற்றி இதில் எழுத வேண்டியதில்லை. இதைக் கொண்டுவந்து உன் கையில் கொடுப்பவளே உன் அம்மாதான். அவளை ஏற இறங்கப் பார்த்தாலே தெரிந்துவிடும். உன் கால் வீக்கம் வடிந்ததா, டாக்டர் சொன்ன தேதிக்கு முன்னாலேயே வலி வந்துவிடுமா என்பதையெல்லாம் போனில் கேட்டுக்கொள்கிறேன். போனில் பேசும்போது தொண்டையிலேயே நின்றுவிடுகிற சில விஷயங்களுக்காகத்தான் இந்தக் காகிதம். காகிதமும் பேனாவும் இந்த ஓட்டலுடையவை, மேஜைமேல் சும்மாவே வைத்திருந்தார்கள். உன் பாயின்ட்டில் கிடைத்த அறையில், உன் பாயின்ட்டில் கிடைத்த காகிதத்தில் எழுதுகிறேன் என்று வைத்துக்கொள்.

அம்மா சாப்பிட்டுவிட்டுத் தூங்குகிறாள். இந்த மெத்தையில் படுத்தால் இடுப்பு போய்விடும் என்று நேற்று கீழே ஜமக்காளம் விரித்தவள், இன்று மெத்தையை விட்டு எழுந்திருக்க மாட்டேன் என்கிறாள்.

சுகா, உன் டிக்கெட்டை நான் முதலில் நம்பவே இல்லை. கண்டக்டர் பையை மாட்டியே தலை நரைத்தவன் நான். டிக்கெட் எடுக்காமல் தூங்குவது போல நடித்த எத்தனை பேரை வாலாஜாபாத்தில் இறக்கிவிட்டிருப்பேன்! அப்படிப்பட்டவனிடம் வந்து, அம்மா காலை நீட்டிப் படுத்துக்கொண்டே டொரண்டோ வரலாம், வரி மட்டும்தான் கட்டினேன், மீதியெல்லாம் பாயின்ட் என்றால் எப்படி நம்புவது? நடுவழியில் செக்கிங் ஏறி, இந்த அம்மா ஓசியில் வந்திருக்கிறது என்று கடலில் இறக்கிவிட்டால் என்ன செய்வது என்று அம்மாவிடம் கேட்டேன். "உன் புத்தி எங்க போவும்? பொண்ணு ஊர் ஊரா பறந்து சேத்து வெச்சிக்கினு இருந்தது, உனக்கு ஓசியா?" என்று ஒரே போடாகப் போட்டுவிட்டாள்.

நீ இதையெல்லாம் எனக்கு விளக்கிச் சொன்ன அன்று நான் தலையை மட்டும்தான் ஆட்டிக்கொண்டிருந்தேன். உண்மையில் ஒவ்வொரு வார்த்தையையும் பிடித்து வைத்திருக்கிறேன். ஆஸ்பத்திரிகளில் ஸ்கேன் மிஷின் மாட்டித் தர கம்பெனி உன்னை எந்த ஊருக்கு அனுப்பினாலும், பல விமானக் கம்பெனிகள் சேர்ந்த ஒரே கூட்டணியின் விமானத்தில்தான் போவாய், ஒரே குழும ஓட்டலில்தான் தங்குவாய், ஒவ்வொரு தடவையும் உன் கணக்கில் பாயின்ட் ஏறும். நாலு இடத்தில் கொஞ்சம் கொஞ்சமாகச் சிதறவிட்டால் எதற்கும் ஆகாது என்றாய். பாயின்ட்டைக் கொடுத்து மிக்ஸியும் சூட்கேசும் வாங்குகிறவர்களைப் பார்த்து உனக்கு வந்த கோபம் இருக்கிறதே! டிக்கெட் விலை எந்த இடத்தில் ஆளை மிரட்டுகிறதோ அந்த இடத்தில்தான் பாயின்ட்டை இறக்க வேண்டும் என்றாய். அந்தச் சமயம் பார்த்து நான் நம் மளிகைக் கடைப் பாயின்ட்டை ஒரு பிளாஸ்டிக் டப்பாவாக மாற்றிக்கொண்டு வந்திருந்தேன். அதைக் காமிராவில் பெருமையாகக் காட்டினேன். நீ தலையில் அடித்துக்கொண்டாய். அந்த டப்பாவில்தான் உனக்குச் சுக்குப் பொடி வருகிறது.

டாக்டர் தேதி சொன்ன அன்றே நீ அம்மாவுக்குச் சீட்டு பார்த்துவிட்டாய். இருக்கிற பாயின்ட்டில் இரண்டு பேரும் உட்கார்ந்து வரலாம், இல்லாவிட்டால் அம்மா மட்டும் படுத்து வரலாம், எது வேண்டும் என்று கேட்டாய். அம்மாவின் முட்டியை நினைத்து நான் சொன்ன பதிலில் எனக்கு வருத்தம் ஒன்றும் இல்லை. அதே பேச்சில் நீ இன்னொன்றும் சொன்னாய். "குழந்தை வந்துட்டா பறக்க முடியாதுப்பா, விமானம், ஓட்டல் ரெண்டுலயும் என் பிளாட்டினம் கார்டு இறங்கிடும்" என்றாய். ஒன்றும் ஆகாது, ஆறு மாதம் கழித்து மறுபடி ஏற்றிவிடலாம் என்று அன்று தைரியம் சொன்னேன். அந்தப் பேச்சைப் பற்றிக் கடைசியில் எழுதுகிறேன்.

இப்போது வெள்ளிக்கிழமைக் கூத்துக்கு வருகிறேன். அரைகுறையாகத்தான் உனக்குத் தெரியும். போனில் நீ திட்டுவாய் என்று அம்மா பாதியை முழுங்கிவிட்டாள்.

விமானம் வெள்ளிக்கிழமை ராத்திரி. அன்று அஷ்டமி. அஷ்டமியில் மகள் பிரசவத்துக்குக் கிளம்புவதா என்று வாரம் முழுக்க ஒரே புலம்பல். விமானக்காரன் பஞ்சாங்கம் பார்த்தா வண்டி விடுகிறான் என்றேன், அழுதுவிட்டாள். கடைசியில் பரஸ்தானம் வைத்துவிடலாம் என்று முடிவானது. வியாழக்கிழமை காலை நல்ல நேரத்தில் பயணப் பை ஒன்றை எடுத்துப்போய் எதிர்வீட்டு யேசுதாஸ் வீட்டில் வைத்தாள். அப்படி வைத்துவிட்டால் பயணம் அப்போதே தொடங்கிவிட்ட கணக்கு. மறுநாள் பையை எடுத்துக்கொண்டு எந்த நேரத்தில் கிளம்பினாலும் தோஷம் இல்லை. யேசுதாஸும் பாவம், நமக்காக அதை இயேசு படத்துக்குக் கீழே, பிள்ளைகள் கை படாத இடத்தில் வைத்தான்.

பையில் ஒரு புடவை வைத்தால் போதும். எல்லோரும் அதைத்தான் செய்வார்கள். உன் அம்மா யோசித்திருக்கிறாள். புடவையா வெளிநாடு போகிறது, பாஸ்போர்ட்தானே போகிறது என்று, எனக்குத் தெரியாமல் பாஸ்போர்ட்டையும் புடவை மடிப்புக்குள் வைத்துவிட்டாள்!

வெள்ளிக்கிழமை காலை யேசுதாஸ் குடும்பம் செய்யாறு பக்கம் ஒரு நிச்சயதார்த்தத்துக்குக் கிளம்பியது. மதியமே வந்துவிடுவோம் என்று சொல்லித்தான் போனார்கள். போன இடத்தில் வேன் படுத்துவிட்டது. சாயங்காலம் வாடகைக் கார் வாசலில் வந்து நிற்கிறது, எதிர்வீட்டில் பூட்டு தொங்குகிறது, யேசுதாஸ் போன் சுவிட்ச் ஆஃப். அப்போதுதான் உன் அம்மா, முகம் வெளிறி, பாஸ்போர்ட் எங்கே இருக்கிறது என்று சொன்னாள்.

எனக்கு வந்த ஆத்திரத்தில் கடப்பாரையை எடுத்துவிட்டேன். பூட்டுக்குப் பக்கத்தில் போய்க் கையை ஓங்கினால், உன் அம்மா குறுக்கே வந்து நிற்கிறாள். "பரஸ்தானம் வெச்ச வூட்டுப் பூட்ட ஒடச்சா போற காரியம் உருப்படுமா? அங்க புள்ள வயித்துல இருக்குதுயா!" என்றாள். தெருவே வேடிக்கை பார்த்தது. நான் கடப்பாரையை வைத்துக்கொண்டு அசடு மாதிரி நின்றேன். அங்கே நீ மட்டும் தனியாக இருக்கிறாய், மாப்பிள்ளை கமலுக்கும் லீவு கிடைக்கவில்லை, பிள்ளை எப்போது வேண்டுமானாலும் வரும், அம்மா இங்கே பூட்டுக்கு முன்னால் நிற்கிறாள். கடப்பாரையைக் கீழே போட்டுவிட்டு உனக்குப் போன் போட்டேன்.

நீ அழுவாய் என்று நினைத்தேன். சத்தம் போடுவாய் என்று நினைத்தேன். நீ கேட்டது ஒரே கேள்விதான், விமானம் கிளம்பிவிட்டதா என்று. இல்லை என்றேன். "அப்ப சரிப்பா. கெளம்பறதுக்கு முன்னாடியே சொல்லிட்டீங்க, அது போதும். சொல்லாம விட்டிருந்தா எல்லாம் போயிருக்கும்" என்றாய். உடனே டிக்கெட்டை ரத்து செய்தாய், பாயின்ட் முழுசாகத் திரும்பி வந்துவிட்டது என்றாய். உன் விமானக் கார்டுக்கென்று தனியாக இருக்கிற நம்பருக்குப் பேசி, அதே கூட்டணியில் வேறு கம்பெனி விமானத்தில் சீட்டு பிடித்தாய். மற்றவர்களுக்கு இல்லை என்று காட்டிய சீட்டு, உன் கார்டைப் பார்த்ததும் திறந்ததாமே! நான் ஒரு டம்ளர் தண்ணீர் குடித்து முடிப்பதற்குள் அம்மாவின் பயணம் மறுபடி உயிர் பெற்றுவிட்டது. நிரம்பி வழிகிற பஸ்ஸில் கர்ப்பிணிக்கு இடம் பிடித்துக் கொடுத்தாலே நான் வீட்டில் வந்து ஒரு வாரம் பேசுவேன். நீ உலகத்தின் அந்தப் பக்கத்தில் நிறைமாதமாக உட்கார்ந்துகொண்டு இதைச் செய்தாய்.

அதைவிட எனக்குப் பிடித்தது அடுத்து நீ செய்தது. புது விமானம் செவ்வாய்க்கிழமை விடிவதற்குள். அப்படியானால் திங்கட்கிழமை வீட்டை விட்டுக் கிளம்ப வேண்டும். திங்கட்கிழமை கிழக்கே சூலம், சென்னையோ நமக்குக் கிழக்கே இருக்கிறது. அம்மா அதைச் சொல்ல வாயைத் திறப்பதற்கு முன்னால் நீயே சொன்னாய், "ஞாயித்துக்கிழமை தசமி, நல்ல நேரம் பாத்து கெளம்பி வாங்க. ஏர்போர்ட் பக்கத்துல என் ஓட்டல் பாயின்ட்டுல ரூம் போட்டுட்டேன். இந்த தடவ பை வேணாம், நீயே போய் பரஸ்தானமா ஒக்காந்துக்கோம்மா" என்று. உன் அம்மா அப்படியே மலர்ந்துபோனாள். பாயின்ட்டை எங்கே செலவு செய்ய வேண்டும் என்று தெரிவது ஒரு கெட்டிக்காரத்தனம். அம்மாவை எப்படிக் கிளப்ப வேண்டும் என்று தெரிவது அதற்கும் மேல். எனக்கு இத்தனை வருஷத்தில் அது கைகூடவில்லை.

யேசுதாஸ் சனிக்கிழமை காலைதான் வந்து சேர்ந்தான். விஷயம் தெரிந்ததும் பையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றான். "அண்ணி, பை மேல ஒரு தூசி படல அண்ணி, ஜெபம் பண்ணி வெச்சிருந்தோம்" என்று கண் கலங்கினான். அம்மா அவனுக்குக் காபி போட்டுக் கொடுத்துச் சமாதானம் செய்தாள். நேற்று ஆட்டோவில் பின்னாலேயே வந்து, ரங்கசாமிக் குளம் வரை டாட்டா காட்டினான்.

ஓட்டல் அமர்க்களம். சின்ன அறைக்குப் பதில் பெரிய அறை, தட்டு நிறையப் பழம், உன் பெயர் எழுதிய வாழ்த்து. காலைச் சாப்பாட்டில் நம் காஞ்சிபுரம் இட்லி என்று ஒன்று இருந்தது. அம்மா ஒரு விள்ளல் தின்றுவிட்டு, சமையல்காரரைக் கூப்பிட்டு, சுக்கு எங்கேப்பா என்று கேட்டுவிட்டாள். அந்த மனிதர் கோபித்துக்கொள்ளவில்லை, செய்முறை கேட்டுக்கொண்டார்.

வரவேற்பில் ஜெயப்ரியா என்று ஒரு பெண். ஏனாத்தூர்க்காரியாம். நம் ஊர் என்றதும் ஒட்டிக்கொண்டாள். உன் ஓட்டல் கார்டைப் பற்றி நானே அவளிடம் பெருமையாகக் கேட்டேன். "சார், இந்த கார்டு லேசுல வராது. வருஷத்துல பாதி நாள் வீட்ட வுட்டுட்டு ஓட்டல்லயே தூங்குறவங்களுக்குத்தான் வரும். உங்க பொண்ணு சூப்பர் சார்" என்றாள். நானும் சிரித்தேன். எனக்கு நெஞ்சு நிமிர்ந்துதான் இருந்தது. லிப்டில் ஏறும்போதுதான் அவள் சொன்னது உறைத்தது.

சாப்பிட்டேன்ப்பா, நல்லா இருக்கேன்ப்பா என்று நீ சொன்ன ராத்திரிகளில் எத்தனை ராத்திரி இப்படி ஒரு அறையில் தனியாகப் படுத்திருந்தாய்? நேற்று அம்மா பக்கத்தில் இருந்தும், இந்த அறையில் எனக்குக் கொஞ்ச நேரம் என்னவோ போல் இருந்தது, சுவிட்ச் எங்கே என்று தடவிக்கொண்டு கிடந்தேன். அம்மா காலை நீட்டிப் படுக்கப்போகிற அந்தச் சீட்டு, நீ வீட்டில் தூங்காத ராத்திரிகளால் ஆனது. பெருமையாகவும் இருக்கிறது, அழுகையாகவும் இருக்கிறது. ஓசி டிக்கெட் என்று சொன்ன என் வாயை என்ன செய்வது!

பெரிய பெட்டியின் அடியில் என் பழைய வேட்டி இரண்டைக் கிழித்து, துவைத்து மடித்து வைத்திருக்கிறாள் அம்மா. புதுத்துணி குத்தும், பிள்ளையை முதலில் அதில்தான் வாங்க வேண்டும். நான் வராவிட்டாலும் என் வேட்டி வருகிறது.

கார்டை மறுபடி ஏற்றிவிடலாம் என்று அன்று சொன்னேன் அல்லவா, அதை இப்போது திரும்ப வாங்கிக்கொள்கிறேன். வேலையை விடு என்று சொல்லமாட்டேன், உன் வேலை எனக்குத் தலைநிமிர்வு. ஆனால் அந்தக் கார்டு இறங்கட்டும் மகளே. பிளாட்டினத்திலிருந்து தங்கத்துக்கும், தங்கத்திலிருந்து வெள்ளிக்கும், அதற்குக் கீழே என்ன இருக்கிறதோ அதற்கும் இறங்கட்டும். எந்த ஊர் ஓட்டலிலும் உன் பெயர் யாருக்கும் ஞாபகம் இல்லாமல் போகட்டும். நீ உன் வீட்டுக் கட்டிலில், உன் பிள்ளை பக்கத்தில், நிம்மதியாகத் தூங்க வேண்டும். ஊர் திரும்பியதும் ஏகாம்பரநாதரிடமும் காமாட்சியிடமும் அதைத்தான் கேட்கப்போகிறேன்.

பாயின்ட் கொஞ்சம் மிச்சம் இருந்தால், அது காலாவதி ஆவதற்குள், பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஒரு தடவை வீட்டுக்கு வா. வருகிற நாள் அஷ்டமியாக இருந்தாலும் பரவாயில்லை, அம்மாவிடம் நான் பேசிக்கொள்கிறேன்.

உன் அப்பா,
வெங்கடேசன்