அம்மாவின் மெட்டுக்குக் கீழே

ஊர்காவற்றுறை

அன்பு மகள் மேரிசுகந்திக்கு ஐயா எழுதிக்கொள்வது. ஆண்டவர் இரக்கத்தில் எனக்கும் அம்மாவுக்கும் உடம்பில் சொல்லும்படியான குறை ஒன்றும் இல்லை. அந்தப் பனிக்குள் நீயும் மருமகனும் பிள்ளைகளும் அப்படியே இருக்க வேண்டும் என்றுதான் ஒவ்வொரு செபமாலை முடிவிலும் கேட்கிறோம். இதுவரை வந்த கடிதங்கள் நான் சொல்ல அம்மா எழுதியவை. இது மாலை வகுப்பில் எழுத்துப் படித்த என் சொந்தக் கையால் எழுதுவது, ஆறுதலாக, எழுத்து எழுத்தாகத்தான் போகிறது, கோணல் இருந்தால் பொறுத்துக்கொள். தொலைபேசியில் சொல்லியிருக்கலாம், ஆனால் பெருநாள் பூசையில் நடந்ததைச் சொல்ல வாயைத் திறந்தால் சொல் வரமாட்டேன் என்கிறது. எனக்கு இன்னும் திகைப்புத் தெளியவில்லை பிள்ளை.

நீ அறிந்ததுதான், எங்கள் கோவிலில் எந்தப் பாட்டையும் எல்லோரும் ஒரே மெட்டில்தான் பாடுவோம், யார் உரத்துப் பாடுகிறாரோ அவர் பக்கம் மற்றவர்கள் போவார்கள். இந்த வருடம் பாடகர் குழுவுக்குச் சயந்தினி என்று ஒரு சங்கீத ரீச்சர் வந்தார், உன்னிலும் இளமை. பெருநாளுக்கு நாலு குரலில் பாட வேண்டும் என்றார். நாலு குரல் என்றால் நாலு பேர் பாடுவது என்று நினைத்தேன். இல்லையாம், ஒரே பாட்டு, ஒரே சொல், ஒரே நேரம், ஆனால் ஒவ்வொரு வரிசையும் வேறு வேறு சுரத்தில் பாட வேண்டுமாம். பக்கத்து ஆளோடு சேராமல் பாடினால் பிழை என்றுதானே பிறந்த நாள் முதல் கேட்டிருக்கிறோம். அம்மா பெண்களோடு நின்று மெட்டைப் பாட, நான் அதற்குக் கீழே தடித்த குரலில் வேறொன்று பாட வேண்டும். "ரீச்சர், கலியாணம் கட்டின நாளிலை இருந்து நான் இவவுக்கு மாறி ஒரு சொல்லும் சொன்னதில்லை, இப்ப கோவிலுக்குள்ளை வைச்சோ மாறச் சொல்லுறீர்" என்று கேட்டேன். அம்மா விடுவாரா, "நீங்கள் நல்லாய்ச் சொல்லிக் குடுங்கோ ரீச்சர், வீட்டுக்கு வந்தாப் பிறகு நான் பாக்கிறன்" என்றார். எல்லோரும் சிரித்தார்கள்.

கீழ்க்குரல் வரிசையில் நானும் சவிரிமுத்து அண்ணையும் இன்னும் இருவரும். நாலு பேரும் ஒரே கரைவலையை இழுத்தவர்கள், அங்கேதான் வில்லங்கம் வந்தது. வலை இழுக்கும்போது அம்பாப் பாட்டை நான்தான் எடுத்துக் கொடுப்பேன், அவர்கள் அதே குரலில் திருப்பிச் சொல்லுவார்கள், குரல் பிரிந்தால் கையும் பிரிந்து கயிறு வழுகும். அந்தப் பழக்கம் எங்கள் உடம்பில் ஊறிப்போய்க் கிடக்கிறது. ரீச்சர் எங்கள் சுரத்தைக் கீபோட்டில் அழுத்திக் காட்டினால் தனியாகச் சரியாகப் பாடுவோம். பெண்கள் மெட்டைத் தொடங்கியதும் எனக்குத் தெரியாமலே என் குரல் அம்மாவின் குரலுக்கு ஏறிவிடும். நான் ஏறினால் மூவரும் கேள்வி இல்லாமல் பின்னால் ஏறுவார்கள். காதைப் பொத்திக்கொண்டு பாடிப் பார்த்தேன், எங்கேயோ ஒரு மூலைக்குப் போய்விட்டேன், அவர்களும் அங்கே வந்து சேர்ந்தார்கள். ஒருநாள் வெட்கத்தில் வாயை மூடினேன், அவர்களும் மூடினார்கள். ஏன் பாடவில்லை என்று ரீச்சர் கேட்க, சவிரிமுத்து அண்ணை "அவன் எடுத்துக் குடுக்காமல் நாங்கள் என்னெண்டு பாடுறது" என்று அவரையே அதட்டினார். ரீச்சர் சிரிக்கவும் ஏலாமல் அழவும் ஏலாமல் நின்றார். பிறகு என்னிடம், "ஐயா, காதைப் பொத்தாதேங்கோ. அம்மான்ரை குரலைக் கேளுங்கோ, ஆனால் அங்கை போகாதேங்கோ. நீங்கள் நிண்டால் மற்றாக்களும் நிப்பினம். பெருநாள் அண்டு நீங்கள் ஏறினால் நான் கையை உயர்த்துவன், பிறகு எல்லாரும் பழையபடி ஒரே மெட்டுத்தான்" என்றார். இத்தனை பேரின் உழைப்பு என் ஒரு தொண்டையால் பாழாகப் போகிறதே என்ற பயம். அம்மா குசினியில் மெட்டைப் பாடிக்கொண்டு சமைப்பார், நான் வாசலில் கதிரையைப் போட்டு என்னுடையதைப் பாடுவேன், ஏறினால் குசினிக்குள் இருந்து அம்மா ஓங்கும் அகப்பை தெரியும்.

பெருநாள் அன்று நற்கருணைப் பாட்டில் முதல் அடியில் பிழை இல்லாமல் தப்பிவிட்டோம். இரண்டாம் அடியில் வாங்குகளில் இருந்த சனம் முழுவதும் மெட்டைப் பிடித்துக்கொண்டது. வெளிநாடுகளில் இருந்து வந்தவர்களும் சேர்ந்து கோவில் கொள்ளாத கூட்டம், அத்தனை பேரும் ஒரே மெட்டு. நடுக்கடலில் சுழிக்குள் அகப்பட்டது போல இருந்தது. முதலில் சவிரிமுத்து அண்ணை ஏறினார். அது என் காதில் பல் கூசுவது போல விழுந்தது. எத்தனையோ காலம் அவர் பக்கத்தில் நின்று பாடியிருக்கிறேன், அவர் பிழையாகப் போவது எனக்கு அன்றுதான் கேட்டது. ரீச்சரின் கை மெல்ல உயரத் தொடங்கியது. நான் சவிரிமுத்து அண்ணையின் காதருகே குனிந்து, அசையாமல், என் சுரத்தையே பாடிக்கொண்டு நின்றேன். அவர் என்னைப் பார்த்தார், மெல்ல இறங்கி வந்தார். அந்த நேரம் நடந்ததைத்தான் என்னால் சொல்ல ஏலாது. எங்கள் குரலும் பெண்களின் குரலும் ஒன்றின் மேல் ஒன்றாகப் போய்ச் சரியாக இருந்தன. நெஞ்செலும்பு அதிர்ந்தது. மேலே, யாரும் பாடாத ஒரு மெல்லிய குரல் கேட்டது. யார் என்று பாடும் நடுவில் அண்ணாந்து பார்த்தேன், ஒருவரும் இல்லை. சனம் பாடுவதை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தது. ரீச்சரின் கை பாதியில் நின்றுவிட்டது. பூசை முடிந்து அவரைக் கேட்டேன், "குரலுகள் சரியாய்ப் பொருந்தினால் அப்பிடி ஒண்டு தானாய்க் கேக்கும் ஐயா" என்றார். அப்ப அது ஆர் பாடினது என்றேன். "ஒருத்தரும் பாடேல்லை" என்றார். நான் அங்கேயே ஒரு வாங்கில் இருந்துவிட்டேன்.

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அம்மா அந்த மெட்டையே முணுமுணுத்துக்கொண்டு வந்தார். படலையைத் திறக்கும்போதுதான் சொன்னார், "இவ்வளவு காலமும் பக்கத்திலை நிண்டு பாடினனீங்கள், உங்கடை குரல் என்ரை குரலுக்குள்ளை போய் ஒளிச்சிடும். இண்டைக்குத்தான் நான் உங்கடை குரலைக் கேட்டனான்."

உன்னையும் உன் குடும்பத்தையும் மாதா தன் போர்வைக்குள் வைத்துக் காக்கட்டும். சளிக்கு இஞ்சியும் மல்லியும் அவித்துக் குடி, பிள்ளைகளோடு தமிழில் கதை. இனிச் சனி பின்னேரங்களில் தொலைபேசி எடுக்காதே, நாங்கள் இருவரும் பாட்டுப் பழக்கத்தில் இருப்போம்.

இப்படிக்கு,
என்றும் உன் ஐயா
சூ. குருசுமுத்து